வட்டுகள் சுழல்கின்றன, கணினி எழவில்லை

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் திருவண்ணாமலை மாட வீதிகளில் பஞ்ச ரதங்கள் வலம் வருகின்றன. தேரோடும் ஊர்களில், தேர் கடந்து முடியும்வரை அந்த வீதிகளின் மின்சாரத்தை நிறுத்திவைப்பது நெடுநாள் வழக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலமும் அதுவே. மழையோடு இடியும், இடியோடு மின்தடையும் வந்துபோகும். மாதக்கணக்கில் அணையாமல் ஓடிய சர்வர்கள் அணைந்து, மீண்டும் எழ வேண்டிய நாட்கள் இவை. ஸ்கேன் மையத்தின் படங்கள், ஸ்டுடியோவின் திருமண வீடியோக்கள், பள்ளியின் மதிப்பெண் பதிவுகள், விடுதிக் கணக்குகள், கேமராப் பதிவுகள் என்று ஒரு ஊரின் நினைவில் பெரும்பகுதி இன்று இத்தகைய கணினிகளில்தான் இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் அவற்றுள் ஏதேனும் ஒன்று எழ மறுக்கும்.

விசிறி சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. வட்டுகள் சுழலும் ஓசையும் கேட்கிறது. திரையில் மட்டும் ஒற்றை வரியில் ஏதோ ஒரு பிழைச் செய்தி. "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு" என்று யாராவது சொல்லிவிடுவார். அடுத்த சில நிமிடங்களில் வட்டுகள் கழற்றப்படும், இடம் மாற்றிச் செருகப்படும், திரையில் கேட்கும் கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்தப்படும்.

இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது ஒன்றுதான். கணினி எழாமல் போவது ஒரு நிகழ்வு. தரவு அழிவது வேறொரு நிகழ்வு. முதலாவது நடந்த பெரும்பாலான நேரங்களில் இரண்டாவது இன்னும் நடந்திருக்காது. அதை நடத்திவைப்பது அவசரப்பட்ட கைகள். ஏன் அப்படி என்பது, வட்டுத்தொகுப்பு வேலை செய்யும் முறை தெரிந்தால் விளங்கும்.

பல வட்டுகள், ஒரே வட்டாக

வன்வட்டு ஒரு நுட்பமான இயந்திரம். பரவலாகப் பயன்படும் வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அதன் விளிம்பு மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் பாய, படிக்கும் முனை அதன் பரப்பைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. இப்படிப்பட்ட ஒன்று என்றாவது பழுதாகும் என்பதில் ஐயமில்லை. எப்போது என்பது மட்டுமே தெரியாது.

1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரே பெரிய வட்டுக்குப் பதிலாக, தனிக்கணினிகளுக்காகச் செய்யப்பட்ட மலிவான சிறு வட்டுகள் பலவற்றைச் சேர்த்து ஒரே வட்டுபோல் இயக்கலாம் என்றார்கள். வட்டுகளின் எண்ணிக்கை கூடும்போது அவற்றில் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும். அதை ஈடுகட்ட, கூடுதல் தகவலைச் சேர்த்து எழுத வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் இன்று கணினிக் கடைகளில் புழங்கும் 'ரெய்டு'.

அதில் பல வகை உண்டு. ரெய்டு 0 என்பது வேகத்துக்காகத் தரவைத் துண்டுகளாக்கி எல்லா வட்டுகளிலும் பரப்புவது. ஒரு வட்டு போனால் எல்லாமே போகும். ரெய்டு 1 கண்ணாடிப் பிரதி; இரண்டு வட்டுகளிலும் ஒரே தரவு. ரெய்டு 5இல் தரவோடு ஒரு சரிபார்ப்புத் துண்டும் எல்லா வட்டுகளிலும் மாறி மாறி எழுதப்படும். ஒரு வட்டை இழந்தாலும் தாங்கும். ரெய்டு 6 இரண்டு வட்டுகளின் இழப்பைத் தாங்கும்.

இழந்த வட்டில் இருந்ததைக் கணக்குப் போட்டே எப்படித் திரும்பப் பெற முடிகிறது? மூன்று வட்டுகளில் முறையே 1011, 0110, 1100 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு நெடுவரிசையிலும் உள்ள 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி நான்காவது வட்டில் ஓர் எண்ணைச் சேர்க்க வேண்டும். முதல் மூன்று நெடுவரிசைகளிலும் இரண்டிரண்டு 1கள் இருப்பதால் அங்கே 0 போதும். கடைசி நெடுவரிசையில் ஒரே ஒரு 1தான். அங்கே 1 சேர்க்க வேண்டும். ஆக நான்காவது வட்டில் 0001. இப்போது இரண்டாவது வட்டு கெட்டுவிட்டது. மீதமிருப்பவை 1011, 1100, 0001. நெடுவரிசை ஒவ்வொன்றிலும் 1களை இரட்டைப்படையாக்க என்ன வேண்டும் என்று பார்த்தால் 0110 என்று வரும். இழந்த எண் அதுவே. டெராபைட் கணக்கில் தரவை மீட்கும் சர்வரும் செய்வது இந்தக் கணக்கைத்தான்.

இந்தக் கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு. எந்த வட்டு எத்தனையாவது, துண்டின் அளவு என்ன, சரிபார்ப்புத் துண்டு எந்த வரிசையில் சுற்றிவருகிறது, தரவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பவை தெரிந்திருக்க வேண்டும். இந்த விவரங்கள் ஒவ்வொரு வட்டிலும் ஒரு சிறு பகுதியில் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. அதைத் தொகுப்பின் வரைபடம் என்று அழைக்கலாம். தரவு முழுதும் நலமாக இருந்தும் வரைபடம் குழம்பிவிட்டால் அந்தத் தரவு பொருளற்ற எண்குவியலாகத் தெரியும். வரைபடத்தைச் சரிசெய்தால் எல்லாம் திரும்பிவரும். வரைபடம் தவறாக இருக்கும்போது அதன்மேல் எழுதினால்தான் திரும்பாத இழப்பு ஏற்படும்.

எழுவதற்குள் எத்தனை கைமாற்றம்

பொத்தானை அழுத்தியது முதல் நுழைவுத் திரை வருவது வரை ஒரு கணினி பல கட்டங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு கட்டமும் தன் வேலையை முடித்து அடுத்ததிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பழுது தேடுவது என்றால், எந்த ஒப்படைப்பு நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான்.

முதலில் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் சரியான மின்னழுத்தங்களைத் தர வேண்டும். பிறகு மதர்போர்டிலுள்ள பயாஸ் அல்லது அதன் புதிய வடிவமான யுஈஎஃப்ஐ விழித்து ரேம், செயலி, கிராபிக்ஸ் ஆகியவற்றைச் சோதிக்கும். அடுத்து வட்டுக் கட்டுப்படுத்தி வட்டுகளைத் தேடி எண்ணும். பிறகு ஏதாவது ஒரு வட்டின் தொடக்கத்திலோ தனிப் பகிர்விலோ இருக்கும் துவக்க நிரல் ஏற்றப்படும். அது இயங்குதளத்தின் கருவை ஏற்றும். கரு, வட்டுத்தொகுப்பை ஒன்றுசேர்த்து, அதற்குள்ளிருக்கும் கோப்பு முறைமையைத் திறக்கும். அதன்பிறகே மற்ற சேவைகள் தொடங்கும்.

திரையில் தெரிவதைப் பொறுமையாகப் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும். விசிறியே சுற்றவில்லை என்றால் மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். விசிறி சுற்றுகிறது, திரையில் எதுவுமில்லை என்றால் ரேம், கிராபிக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். ரேம் பட்டையைக் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து, மறுபடி பொருத்தினாலே எழுந்துவிடும் கணினிகள் ஏராளம். துவக்கக் கருவி இல்லை என்ற செய்தி வந்தால், பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது, துவக்க நிரலைத்தான் காணவில்லை என்று பொருள். லினக்ஸ் சர்வரில் கிரப் மீட்பு என்று ஒரு வெற்று வரி நின்றால், துவக்க நிரலின் முதல் பகுதி கிடைத்திருக்கிறது, அதன் மற்ற கோப்புகள் கிடைக்கவில்லை. கரு ஏறி, செய்திகள் ஓடி, பிறகு ஒரு சிறு கட்டளை வரியில் நின்றுவிட்டால், தொகுப்பை ஒன்றுசேர்க்க முடியவில்லை. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு அவசர நிலையில் நின்றால், தேவையான பகிர்வு ஒன்றைத் திறக்க முடியாமல் தொடக்கம் காத்துக்கிடக்கிறது. பலமுறை அது பட்டியலில் பெயர் மட்டும் மிஞ்சிய, எப்போதோ கழற்றப்பட்ட கூடுதல் வட்டாக இருக்கும்.

அதனால் முதல் வேலை, திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது. இரண்டாவது, ஒவ்வொரு வட்டிலும் அது எந்த இடத்திலிருந்தது என்று எண்ணெழுதி ஒட்டுவது. அதற்குமுன் ஒரு கேபிளையும் கழற்ற வேண்டாம்.

மின்சாரம் திரும்பும் நொடி

ஓடிக்கொண்டிருந்த கணினி அணைத்துப் போட்டதும் எழாமல் போவதற்கு எளிய இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. வட்டை ஒரே வேகத்தில் சுழலவைக்கத் தேவைப்படும் மின்சாரம் குறைவு. நின்ற நிலையிலிருந்து அதைச் சுழற்றத் தொடங்கும்போது 12 வோல்ட் கம்பியில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு வட்டுகள் ஒரே நொடியில் எழுந்தால் 16 ஆம்பியர். ஏறத்தாழ 190 வாட். பல ஆண்டுகள் ஓடிக் களைத்த எஸ்எம்பிஎஸ், உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் உப்பி வலுவிழந்த நிலையில், அந்த ஒரு நொடியைத் தாங்காது. மின்னழுத்தம் தாழும், இரண்டொரு வட்டுகள் உரிய நேரத்தில் எழாது, கட்டுப்படுத்தி அவற்றைக் காணவில்லை என்று முடிவு செய்யும். வட்டுகளில் எந்தப் பழுதும் இல்லாமலேயே தொகுப்பு உடைந்ததாகத் தோன்றும். நல்ல கட்டுப்படுத்திகளில் வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் வசதி இருப்பது இதனால்தான். சந்தேகம் வந்தால் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பது வட்டைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை.

இரண்டாவது காரணம் இன்னும் சிறியது. மதர்போர்டில் நாணய வடிவிலான சிறிய பேட்டரி ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது நேரத்தையும், பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். சர்வர் அணையாமல் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. மின்சாரம் போய் வந்ததும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். அதில் வட்டுகளைத் தொகுப்பாக நடத்தும் அமைப்பு மாறி, தனித்தனி வட்டுகளாக நடத்தும் அமைப்பு வந்திருக்கும். அப்போது விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும், துவக்க வட்டை அணுக முடியவில்லை என்ற செய்தியோடு. கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் அது நல்ல துப்பு. பேட்டரியை மாற்றி, பயாஸில் பழைய அமைப்பைத் திரும்ப வைத்தால் எல்லாம் இருந்தபடியே எழுந்துவிடும். இந்த எளிய காரணத்தை அறியாமல் இயங்குதளத்தை மறுபடி நிறுவி, நலமாக இருந்த தொகுப்பை அழித்துவிடுவதுதான் பெருந்துயரம்.

மலையடி ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாறை நிலம் மின்சாரத்தை நன்கு கடத்தாது. எர்த்திங் கம்பி புதைத்தாலும் கசிவு மின்சாரம் மண்ணுக்குள் எளிதில் இறங்காது. இடிமழைக் காலத்தில் வரும் மின்னெழுச்சி கணினிக்குள்ளேயே வழி தேடும். எர்த்திங்கை அளந்து பார்ப்பதும், ஒழுங்காக அணைய நேரம் தரும் யுபிஎஸ்ஸை வைப்பதும் இங்கே அழகுக்காகச் செய்யும் செலவல்ல.

பிரதி இருந்தது, வாசல் இல்லை

மென்பொருள்வழி ரெய்டில் ஒரு புதிர் இருக்கிறது. தொகுப்பை ஒன்றுசேர்ப்பது இயங்குதளம். இயங்குதளமே தொகுப்புக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் முதலில் எதை யார் எழுப்புவது? லினக்ஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தொகுப்பைச் சேர்ப்பதற்கு வேண்டிய கருவிகளை மட்டும் கொண்ட சிறு தற்காலிகக் கோப்பு முறைமை ஒன்றைக் கருவோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றுகிறது. அது வட்டுகளைத் தேடி, வரைபடத்தைப் படித்து, தொகுப்பை எழுப்பி, உண்மையான கோப்பு முறைமைக்குப் பொறுப்பை மாற்றுகிறது.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, அதாவது துவக்க நிரல், பெரும்பாலும் தொகுப்புக்கு வெளியே இருக்கிறது. யுஈஎஃப்ஐ தேடும் பகிர்வு எளிய ஃபேட் வடிவில் இருக்க வேண்டும். ரெய்டு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஆகவே நிறுவும்போது துவக்க நிரல் முதல் வட்டில் மட்டும் எழுதப்பட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. நாட்கள் நன்றாகவே போகும். ஒருநாள் முதல் வட்டு கெடும். இரண்டாவது வட்டில் எல்லாத் தரவும் அச்சுப் பிசகாமல் இருக்கும். ஆனால் கணினியை எழுப்ப அதில் ஒன்றும் இருக்காது. கண்ணாடிப் பிரதி வைத்திருந்தும் ஏமாந்துவிட்டோமே என்று உரிமையாளர் நொந்துபோவார். உண்மையில் இழப்பு எதுவும் இல்லை. ஒரு பென் டிரைவில் லைவ் லினக்ஸை ஏற்றி எழுப்பினால் இரண்டாவது வட்டின் தரவைப் படிக்கலாம். துவக்க நிரலை அதில் எழுதி, கணினியையும் எழுப்பலாம். நிறுவிய அன்றே எல்லா வட்டுகளிலும் அதை எழுதியிருந்தால் இந்தப் பதற்றமே இல்லை.

வாராதிருந்த வட்டு

அடுத்த வகைக் கோளாறில் தொகுப்பே எழ மறுக்கிறது. இதில்தான் நிதானம் மிகவும் தேவை.

லினக்ஸின் தொகுப்பு வரைபடத்தில் ஒரு நிகழ்வெண் இருக்கிறது. தொகுப்பின் நிலை மாறும்தோறும் எல்லா வட்டுகளிலும் அது சேர்ந்து கூடும். ஒரு வட்டு நடுவில் விலகிவிட்டால் அதன் எண் அங்கேயே நின்றுவிடும், மற்றவை முன்னேறும். எழும்போது எண்களை ஒப்பிட்டால் யார் எப்போது விலகினார் என்று தெரிந்துவிடும். மூன்று வட்டுகளில் 9,500 என்றும் ஒன்றில் 4,100 என்றும் இருந்தால், அந்த நான்காவது வட்டு நெடுநாளாகவே தொகுப்பில் இல்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. தொகுப்பு அதுவரை ஒற்றைக்காலில் நின்றிருக்கிறது. அந்தப் பழைய வட்டை வலிந்து சேர்த்தால், பழைய தரவும் புதிய தரவும் கலந்து இரண்டுமே கெடும்.

வட்டு விலகியதற்கு அதன் சாவுதான் காரணம் என்று கொள்ள வேண்டாம். வீட்டுக் கணினிக்கான வட்டு, படிக்க முடியாத இடம் ஒன்று எதிர்ப்பட்டால் அரை நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயலும். கட்டுப்படுத்தி சில நொடிகளே காத்திருக்கும். பிறகு அந்த வட்டை வெளியேற்றிவிடும். தொகுப்புக்கென்று செய்யப்படும் வட்டுகள் ஏறத்தாழ 7 நொடிகளில் முயற்சியைக் கைவிட்டுப் பதில் சொல்லும்படி அமைக்கப்பட்டிருப்பது இதற்காகவே. வட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அதில் 5, 197, 198 ஆகிய எண்ணிட்ட வரிகள் கூடினால் வட்டின் பரப்பு கெட்டுவருகிறது. 199ஆம் வரி மட்டும் கூடினால் குற்றம் பெரும்பாலும் சாட்டா கேபிளில். கேபிளை மாற்றினால் போதும்.

இன்னொரு நிலை உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், அதோடு ஒரு வட்டும் காணாமல் போனால், ரெய்டு 5இல் தரவுக்கும் சரிபார்ப்புத் துண்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று உறுதி சொல்ல முடியாது. தரவு எழுதப்பட்டுச் சரிபார்ப்பு எழுதப்படாமல் நின்றிருக்கலாம். அந்த நிலையில் லினக்ஸ் தொகுப்பைத் தானாக எழுப்பாது. தவறான கணக்கில் தரவை உருவாக்குவதைவிட, எழாமலிருந்து மனிதரைக் கேட்பது நல்லது என்று அதை எழுதியவர்கள் முடிவு செய்தார்கள். அந்த மறுப்பைப் பிழை என்று பார்க்காமல் எச்சரிக்கை என்று பார்க்க வேண்டும்.

தனிக் கட்டுப்படுத்தி அட்டை உள்ள சர்வர்களில், வட்டுகளில் 'அயல் அமைப்பு' இருக்கிறது என்று ஒரு செய்தி வரும். அட்டையை மாற்றினாலும், வட்டுகள் சிறிது நேரம் துண்டிக்கப்பட்டுத் திரும்பினாலும் வரும். இரண்டு தேர்வுகள் தரப்படும்: அந்த அமைப்பை ஏற்றுக்கொள்ளலாம், அழித்துவிடலாம். அழி என்று அழுத்தினால் வரைபடம் போய்விடும். தொகுப்பைப் புதிதாக உருவாக்கு என்ற கட்டளையும் அப்படித்தான். மென்பொருளின் பதிப்புக்குப் பதிப்பு துண்டின் அளவும் தரவு தொடங்கும் இடமும் மாறியிருப்பதால், அதே வட்டுகளை அதே வரிசையில் வைத்து உருவாக்கினாலும் பழைய தொகுப்பு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கோப்பு முறைமையைச் சரிசெய்யும் நிரல்களும் இந்த நேரத்தில் ஆபத்தானவை. தொகுப்பு தவறாகச் சேர்ந்திருக்கும்போது அவை நல்ல தரவையே பிழை என்று கருதி அழித்து எழுதும்.

படியெடுத்த பிறகே பிரிப்பது

திருவண்ணாமலைக் கோயிலைப் போலவே தமிழகத்தின் பழங்கோயில்கள் பலவும் தம் ஆவணங்களைச் சுவரில் வைத்திருக்கின்றன. நிலக்கொடை, விளக்குக்கான ஆடு, வரி விலக்கு என்று எல்லாம் கல்லில் எழுத்தாக நிற்கின்றன. சுவரைப் பிரித்துக் கட்டும்போது என்ன செய்வது? அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்யப்பட்டது. அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இந்தச் செய்தியும் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த ஒழுங்கைத் தரவு மீட்பவர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள்: படியெடுக்காமல் எதையும் பிரிக்காதே.

நடைமுறையில் அதன் பொருள் இது. தொகுப்பிலுள்ள ஒவ்வொரு வட்டையும் தனித்தனியே, படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில், வேறொரு வட்டுக்கு முழுமையாக நகலெடுக்க வேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இதற்கென்றே எழுதப்பட்டது. அது முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் விரைவாகப் படித்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, பிறகு அவற்றுக்குத் திரும்புகிறது. சாகப்போகும் வட்டிலிருந்து முடிந்த அளவு பெற இதுவே அறிவார்ந்த வரிசை. நகல்கள் கையில் வந்த பிறகு பரிசோதனை எல்லாம் அவற்றின்மேல்தான். தவறினால் மறுபடி நகலெடுத்துக்கொள்ளலாம். மூலம் தொடப்படாமல் இருக்கும்.

வட்டிலிருந்து டிக் டிக் என்று தட்டும் ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். முனை தன் வழியைக் காணாமல் தவிக்கும் ஓசை அது. அந்த நிலையில் ஒவ்வொரு சுற்றும் பரப்பைச் சிராய்க்கலாம். வட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உயிர் வரும் என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். வெளியே எடுத்ததும் ஈரம் பரப்பில் படிந்து, மிச்சமிருந்த வாய்ப்பையும் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட வட்டைத் தூசியற்ற அறையும் கருவிகளும் உள்ள மீட்பு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மறுகட்டுமானத்தின் நீண்ட இரவு

பழுதான வட்டைக் கண்டறிந்து புதியது பொருத்தியாகிவிட்டது. தொகுப்பு இழந்த பகுதியைக் கணக்கிட்டு எழுதத் தொடங்குகிறது. இதோடு ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். அது தொடங்குவதே இங்கேதான். 16 டெராபைட் வட்டை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினால் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுதும் மற்ற வட்டுகள் தம் பரப்பு முழுவதையும் விடாமல் படித்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக் கணினி வட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் உறுதி, ஒரு கோடி கோடி பிட்டுகளைப் படித்தால் ஒருமுறைக்கு மேல் பிழை வராது என்பது. ஒரு கோடி கோடி பிட்டு என்பது 12.5 டெராபைட்தான். நடைமுறையில் வட்டுகள் இதைவிட நன்றாகவே இயங்குகின்றன என்றாலும், ஆண்டுக்கணக்கில் யாரும் படிக்காத ஓர் ஓரத்தில் ஒளிந்திருக்கும் பழுது வெளிப்படுவது இந்த நேரத்தில்தான். ஒரே நாளில் வாங்கிய, ஒரே வெப்பத்தில் ஓடிய வட்டுகள் அடுத்தடுத்துக் கெடுவதும் உண்டு. பெரிய வட்டுகளுக்கு ரெய்டு 6ஐப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இது.

2007இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இந்த விஷயத்தில் பலருடைய கண்ணைத் திறந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் 1,00,000 வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வட்டுகள் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் அது 13 விழுக்காடு வரை போனது. தயாரிப்பாளர்களின் அட்டவணை சொல்வதைவிட இது மிக அதிகம். கூகுள் நிறுவனத்தின் ஆய்வோ, பழுதான வட்டுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை ஸ்மார்ட் பதிவேட்டில் எந்த முன்னறிகுறியும் காட்டவில்லை என்றது. பதிவேட்டில் எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வராததை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொகுப்பு காப்பு ஆகாது

இவ்வளவு நுட்பமும் ஒரே ஒரு ஆபத்துக்கு எதிரானது: வட்டு கெடுவது. கோப்பைத் தவறி அழித்தால் தொகுப்பு அந்த அழிவை எல்லா வட்டுகளிலும் நேர்மையாக எழுதும். பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் வந்தால் பூட்டப்பட்ட கோப்புகளையே கண்ணாடிப் பிரதியும் வைத்திருக்கும். தீ, வெள்ளம், திருட்டு ஆகியவை பெட்டியோடு எல்லாவற்றையும் கொண்டுபோகும்.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் பேட்டரிகளிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் பணிக்கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பு அமைப்பு எரிந்து, 858 டெராபைட் தரவு போயிற்று. அந்த அமைப்புக்கு வெளியில் பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் ஒரு நாட்டிலேயே இது நடந்தது. நமக்கு இன்னும் நெருங்கிய காயம் ஒன்று உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் இருந்தன. ஒரே இடத்தில் இருப்பது எத்தனை பத்திரமாக இருந்தாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோ பரவலாக்கிய விதி ஒன்று இதற்கு வழி சொல்கிறது. மூன்று பிரதிகள்; இரண்டு வகை ஊடகங்கள்; அவற்றுள் ஒன்று வேறு ஊரில். திருவண்ணாமலையில் உள்ள ஒரு ஸ்டுடியோவுக்கு அந்த வேறு ஊர், வேலூரில் இருக்கும் உறவினர் வீட்டில் பூட்டிவைத்த ஒரு வெளிவட்டாக இருக்கலாம். மேகச் சேமிப்பாகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அவ்வளவே.

செய்ய வேண்டியவற்றுள் பெரும்பாலானவை பணம் கேட்பவை அல்ல. எந்த இடத்தில் எந்த வரிசை எண் கொண்ட வட்டு, எந்த வகை ரெய்டு, துண்டின் அளவு என்ன, பயாஸ் அமைப்பு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, சர்வர் பெட்டியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். வட்டு விலகினால் கைபேசிக்குத் தகவல் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை தொகுப்பு முழுவதையும் படித்துச் சரிபார்க்கச் செய்யுங்கள். ஒளிந்திருக்கும் பழுது அப்போதே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரதி எடுத்த பிறகு சர்வரை நீங்களே அணைத்து எழுப்பிப் பாருங்கள். தீர்ந்த பேட்டரியும் களைத்த எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரே வட்டில் மட்டும் இருக்கும் துவக்க நிரலும் அன்று வெளிப்பட்டால், சரிசெய்யக் கையில் ஒரு முழுநாள் இருக்கும். அன்றே உங்கள் பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள். பிரதி இருக்கிறது என்பதற்கு வேறு சான்று கிடையாது.

ஸ்கேன் மையத்தில் இருப்பது ஒருவருடைய நோயின் வரலாறு. ஸ்டுடியோவில் இருப்பது இன்று உயிரோடு இல்லாத ஒரு தாத்தாவின் சிரிப்பாக இருக்கலாம். அதைக் காக்கும் பொறுப்பு, கணினிப் படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அந்தப் பெட்டியின் சாவியை வைத்திருக்கும் எவருக்கும் உரியது. பூட் ஆகாத சர்வரின்முன் நிற்கும்போது அவர் எதையும் எழுதாமல், எதையும் அழிக்காமல், திரையை ஒருமுறை நிதானமாகப் படித்தால் போதும். மீட்பவர்களுக்கு வேண்டிய வாய்ப்பை அவர் அப்போதே காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறார்.